யாரால்? – அமெரிக்கத் தென்மாநிலச் சாலையோரக் கற்கள் கற்பிக்கும் பாடம்

முன்னுரை

தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்தபொழுது எங்கள் ஆசிரியை செய்வினை, செயப்பாட்டுவினை ஆகிய இரண்டையும் கற்பித்தார். "கண்ணன் மரத்தை வெட்டினான்" என்பது செய்வினை. "கண்ணனால் மரம் வெட்டப்பட்டது" என்பது செயப்பாட்டுவினை. இந்த இரண்டையும் நாம் அனைவரும் படித்திருப்போம். ஆனால் ஆசிரியை அத்துடன் நிறுத்தவில்லை. "மரம் வெட்டப்பட்டது" என்று மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டு, "யாரால்?" என்று கேட்டார். வகுப்பில் யாருக்கும் விடை தெரியவில்லை. "செயப்பாட்டுவினையைக் கண்டால் உடனே 'யாரால்?' என்று கேளுங்கள், பிள்ளைகளா. விடை கிடைக்கவில்லை என்றால் உங்களுக்குப் பாதி வாக்கியத்தைத்தான் தந்திருக்கிறார்கள்" என்றார்.

பிறகு நான் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றேன். இலக்கணம் மெல்ல மறந்து போயிற்று. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டில் அமெரிக்க வரலாறு பற்றிய பாடம் ஒன்றை எடுத்தேன். அதற்குரிய இடுபணிக்கு, அமெரிக்கத் தென்மாநிலங்களின் சிற்றூர்களில் உள்ள வரலாற்றுப் பலகைகளையும் போர் நினைவுச்சின்னங்களையும் தலைப்பாகத் தேர்ந்தெடுத்தேன். நான் அமெரிக்காவுக்குச் சென்றதில்லை. நூல்கள், ஒளிப்படங்கள், மாநில அரசுகளின் ஆவணங்கள் ஆகியவற்றைக் கொண்டே எழுதினேன். எழுத எழுத, ஐந்தாம் ஆண்டு ஆசிரியையின் குரல்தான் காதில் ஒலித்தது. இந்தக் கற்களைப் படிப்பதற்குத் தமிழ் இலக்கணம் பெரிதும் துணை செய்கிறது என்பதைக் கண்டேன். அதனை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கவுண்டியும் நீதிமன்றமும்

முதலில் சில அடிப்படைச் செய்திகளை அறிந்துகொள்வோம். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் பல கவுண்டிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. நம் நாட்டு மாவட்டத்தைப் போன்றது கவுண்டி. லூசியானா மாநிலத்தில் மட்டும் அதனைப் பாரிஷ் என்பர். கவுண்டியின் தலைமை ஊரில் ஒரு நீதிமன்றக் கட்டடம் இருக்கும். வரி கட்டுவது, நிலத்தைப் பதிவது, வாக்காளராகப் பதிந்துகொள்வது, வழக்கு நடத்துவது என்று எல்லாவற்றுக்கும் மக்கள் அங்குதான் செல்ல வேண்டியிருந்தது. ஆகவே, அதன் முன்னால் உள்ள புல்வெளியில் எந்தக் கல் நிற்கிறது என்பது சிறிய செய்தியன்று.

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தது. அடிமைமுறையைக் காப்பாற்றிக்கொள்ள விரும்பிய தென்மாநிலங்கள் நாட்டிலிருந்து பிரிந்து தனிக் கூட்டமைப்பை அமைத்தன. போரில் அக்கூட்டமைப்பு தோற்றது. இறந்தோர் தொகை ஏறத்தாழ 620,000 என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. 2011-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு ஒன்று அதனை ஏறத்தாழ 750,000 என உயர்த்தியது. தென்மாநிலச் சிற்றூர்களின் நீதிமன்றப் புல்வெளிகளில் துப்பாக்கியை ஊன்றிக்கொண்டு நிற்கும் கற்சிலைகளுள் மிகப் பல, தோற்ற அந்தக் கூட்டமைப்பின் படைவீரரைக் குறிப்பவையே.

வரலாற்றுப் பலகைகளோ வேறு வகை. 1920-களில் மோட்டார் வண்டிகள் பெருகின. வண்டியில் செல்வோர் நின்று படிப்பதற்காக வர்ஜீனியா மாநிலம் 1927-இல் நெடுஞ்சாலையோரம் பலகைகளை நடத் தொடங்கியது. வெள்ளி நிறப் பலகையில் கறுப்பு எழுத்துகள் இருக்கும். இன்று அம்மாநிலத்தில் 2,600-க்கும் மேற்பட்ட பலகைகள் உள்ளன. வட கரோலினா 1935-இல் தன் திட்டத்தை உருவாக்கியது. அதன் முதற்பலகை 1936 ஜனவரியில் கிரான்வில் கவுண்டியிலுள்ள ஸ்டோவால் என்னும் சிற்றூரில் நடப்பட்டது. அமெரிக்க விடுதலைச் சாசனத்தில் கையெழுத்திட்ட ஜான் பென் என்பவரைப் பற்றியது அது. ஓடும் வண்டியிலிருந்து படிக்க வேண்டியிருப்பதால் பலகையில் சில வரிகளுக்கு மேல் இடமில்லை. சில வரிகளே உள்ள இடத்தில் எதைச் சொல்வது, எதை விடுவது என்பதுதான் கேள்வி.

முதற்கேள்வி: எப்பொழுது?

போர் முடிந்தது 1865-இல். அப்படியானால் சிலைகள் 1870-களில் எழுந்திருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன். தொடக்கக்காலச் சின்னங்கள் பெரும்பாலும் கல்லறைத் தோட்டங்களில்தான் அமைந்தன. அங்கே நோக்கம் துயரம். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் கல்லறைக்குச் சென்று அழுவதை யாரும் குறை கூற முடியாது. ஆனால் நீதிமன்ற வாசல்களில் சிலைகள் மிகுதியாக எழுந்த காலம் 1900-க்குப் பின், ஏறத்தாழ 1920 வரை. அஃதாவது, போர் முடிந்து ஒரு தலைமுறைக்கும் மேல் கடந்த பிறகு.

இடையில் என்ன நடந்தது? போருக்குப் பின் கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. அவர்கள் வாக்களித்தனர், பதவிகளிலும் அமர்ந்தனர். பிறகு தென்மாநிலங்கள் ஒவ்வொன்றாக அவ்வுரிமையைப் பறித்தன. மிசிசிப்பி மாநிலம் 1890-இல் அதற்கென்றே புதிய அரசியல் சட்டத்தை இயற்றியது. 1894-இல் கூட்டமைப்பு வீரர்களின் வழிவந்த பெண்கள் ஒரு சங்கத்தைத் தொடங்கினர். பல கவுண்டிகளில் நிதி திரட்டிச் சிலை எழுப்பியவர்கள் அவர்களே. வாக்காளர் பட்டியலிலிருந்து கறுப்பினத்தவரின் பெயர்கள் நீங்கிய பிறகு, அப்பட்டியல் இருந்த கட்டடத்தின் முன்னால் சிலைகள் எழுந்தன. கல்லில் பொறித்த ஆண்டு 1861 என்றிருந்தாலும், கல்லை நட்ட ஆண்டுதான் அதன் உண்மையான பிறந்தநாள் என்பது என் கருத்து.

சிலைகளில் இன்னொரு வியப்பும் உண்டு. கனெக்டிகட் என்னும் வடமாநிலத்தில் இருந்த ஒரு நிறுவனம் துத்தநாகத்தில் வார்த்த வீரர் சிலைகளை வடக்குக்கும் தெற்குக்கும் விற்றது. உடையிலும் இடைவாரிலும் சிறு மாற்றங்கள்தாம். நின்ற தோற்றம் ஏறக்குறைய ஒன்றே. சிலை பேசாது, அதன் அடியிலுள்ள எழுத்துதான் பேசும். ஆகவே எழுத்துக்கு வருவோம்.

இரண்டாம் கேள்வி: 'நாமா', 'நாங்களா'?

இச்சின்னங்களில் அடிக்கடி காணப்படும் தொடர் ஒன்றைத் தமிழில் பெயர்க்க முயன்றேன். "இறந்த நம் கூட்டமைப்பு வீரர்களுக்கு" என்று எழுதினேன். உடனே பேனா நின்றது. 'நம்' என்பதா, 'எங்கள்' என்பதா?

ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் ஒரே சொல்தான். தமிழில் அப்படியன்று. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் 'நாம்'. கேட்பவரை விலக்கினால் 'நாங்கள்'. மலாய் மொழியிலும் 'கீத்தா', 'காமி' என்ற வேறுபாடு உண்டு. ஆங்கிலக் கல் இந்த வேறுபாட்டை மறைத்துக்கொள்கிறது. ஊரார் அனைவருக்கும் பொதுவான துயரம் போல் அது ஒலிக்கிறது. ஆனால் அந்த ஊரில் அடிமைகளாக இருந்தோரும் அவர்களுடைய பிள்ளைகளும் வாழ்ந்தனர். வடக்கின் ஐக்கியப் படையில் ஏறத்தாழ 180,000 கறுப்பின வீரர்கள் சேர்ந்து போரிட்டனர். அவர்களுள் மிகப் பலர் தெற்கிலிருந்து தப்பி வந்தவர்கள். தெற்கிலேயே பிறந்து ஐக்கியப் படையில் சேர்ந்த வெள்ளையரும் இருந்தனர். ஒரே கவுண்டியில் பிறந்து இந்தப் பக்கம் இறந்தவருக்கு நீதிமன்ற வாசலில் கல் உண்டு. அந்தப் பக்கம் இறந்தவருக்குப் பெரும்பாலும் இல்லை. ஆகவே, அக்கல்லின் சொல்லைத் தமிழில் 'எங்கள்' என்றே பெயர்க்க வேண்டும். நான் அப்படியே எழுதினேன்.

மூன்றாம் கேள்வி: யாரால்?

லூசியானா மாநிலத்தின் கிராண்ட் பாரிஷில் கோல்ஃபாக்ஸ் என்னும் சிற்றூர் உள்ளது. 1872-ஆம் ஆண்டுத் தேர்தலில் யார் வென்றார் என்பதில் அங்குத் தகராறு எழுந்தது. கறுப்பினத்தவர் நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்றனர். 1873 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு அன்று ஆயுதமேந்திய வெள்ளையர் படை அவர்களைத் தாக்கியது. கட்டடத்துக்குத் தீ வைத்தது. சரணடைந்த பிறகே பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இறந்தோர் தொகை 60 என்றும் 150 என்றும் பலவாறாக மதிப்பிடப்படுகிறது. இதன் தொடர்பில் சிலருக்குக் கிடைத்த தண்டனையையும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1876-இல் நீக்கிவிட்டது. கறுப்பினத்தவரின் உரிமைகளைக் காக்க நடுவண் அரசுக்கு இருந்த அதிகாரத்தை அத்தீர்ப்பு வெகுவாகக் குறைத்தது.

இந்நிகழ்ச்சிக்கு மாநில அரசு 1950-இல் ஒரு பலகை நட்டது. அதன் சாரம் இதுதான்: இவ்விடத்தில் கோல்ஃபாக்ஸ் கலவரம் நிகழ்ந்தது, அதில் வெள்ளையர் மூவரும் நீக்ரோக்கள் 150 பேரும் கொல்லப்பட்டனர், இந்நிகழ்ச்சி, வடக்கிலிருந்து வந்தவர்களின் முறைகேடான ஆட்சிக்கு முடிவு கட்டியது.

இப்பொழுது ஆசிரியையின் கேள்வியைக் கேட்போம். "கொல்லப்பட்டனர்." யாரால்? விடை இல்லை. தமிழில் தோன்றா எழுவாய் என்று ஒன்று உண்டு. "வந்தான்" என்றால் 'அவன்' என்பதை வினைமுற்றின் விகுதியே காட்டிக்கொடுக்கும். ஆனால் "கொல்லப்பட்டனர்" என்பதில் உள்ள 'அர்' விகுதி இறந்தவரைத்தான் காட்டும், கொன்றவரைக் காட்டாது. 'ஆல்' என்ற மூன்றாம் வேற்றுமை உருபை யாராவது எழுதினால்தான் கொன்றவர் வெளியே வருவார். அந்த உருபு 71 ஆண்டுகளாக அப்பலகையில் இல்லை. 2021 மே மாதத்தில் பலகை அகற்றப்பட்டது.

'கலவரம்' என்ற பெயர்ச்சொல்லையும் கவனிக்க வேண்டும். கலவரம் என்றால் இரு பக்கமும் அடித்துக்கொண்டது போன்ற பொருள் தரும். கலவரம் 'நிகழும்', மழை பெய்வது போல. படுகொலை அப்படித் தானாக நிகழாது. அதை யாரோ செய்ய வேண்டும்.

அதே ஊரின் கல்லறைத் தோட்டத்தில் 1921-இல் எழுப்பப்பட்ட ஒரு தூண் உண்டு. அதன் வாசகம் வேறு விதமானது. இறந்த வெள்ளையர் மூவரின் பெயர்களைச் சொல்லி, வெள்ளையரின் மேலாதிக்கத்துக்காகப் போரிட்டு வீழ்ந்த வீரர்கள் என்று அது போற்றியது. இதில் செய்தவர் உண்டு, நோக்கமும் உண்டு. இதைப் படித்தபொழுது நான் திகைத்துப் போனேன். 'யாரால்?' என்ற கேள்விக்கு விடை கிடைத்தால் நியாயமும் கிடைத்துவிடும் என்று நினைத்திருந்தேன். இங்கு விடை கிடைத்தும், அதைப் பெருமையாக எழுதியிருக்கிறார்கள். இறந்த கறுப்பினத்தவருள் ஒருவர் பெயர்கூட அத்தூணில் இல்லை. 2023 ஏப்ரல் 13-இல், 150 ஆண்டுகள் நிறைந்த நாளில், புதிய நினைவுக்கல் ஒன்று அவ்வூரில் திறக்கப்பட்டது. கொல்லப்பட்டவர்களுள் பெயர் தெரிந்த 57 பேரின் பெயர்கள் அதில் உள்ளன. ஆகவே 'யாரால்?' என்பதோடு 'யார்?' என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும் எனக் கற்றுக்கொண்டேன்.

சரியாக எழுத முடியாதா என்றால், முடியும். வட கரோலினாவின் வில்மிங்டன் நகரில் 1898-இல் நடந்த வன்முறையை நெடுங்காலம் இனக்கலவரம் என்றே அழைத்தனர். 2019-இல் மாநிலம் அங்கு நட்ட பலகை அதனை ஆட்சிக்கவிழ்ப்பு என்கிறது. ஆயுதமேந்திய வெள்ளையர் கும்பல் கூடியது, அணிவகுத்துச் சென்றது, கறுப்பினத்தவர் நடத்திய நாளேட்டின் அலுவலகத்தை எரித்தது என்று செய்வினையில் அது பேசுகிறது. பலகை அதே சிறிய பலகைதான். இடம் போதவில்லை என்பது ஒரு சாக்கு மட்டுமே என்பது இதனால் வெள்ளிடைமலை.

நான்காம் கேள்வி: எத்தனை பட்டியல்?

போர் நினைவுச்சின்னம் என்றால் உள்நாட்டுப் போர் மட்டுமன்று. இரண்டு உலகப் போர்களிலும் இறந்தோரின் பெயர்களைத் தாங்கிய சின்னங்களும் தென்மாநிலங்களில் பல உள்ளன. தென் கரோலினாவில் கிரீன்வுட் கவுண்டியின் தலைமை ஊரான கிரீன்வுட்டில் இருந்த சின்னத்தில் பெயர்கள் இரண்டு பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டிருந்தன. ஒன்றின் தலைப்பு 'வெள்ளையர்'. மற்றொன்று 'நிறத்தவர்'. ஒரே நாட்டின் சீருடையில் ஒரே போரில் இறந்தவர்கள், பெயர்ப் பலகையில்கூட அருகருகே இருக்கவில்லை.

2014-ஆம் ஆண்டளவில் அந்நகரின் மேயர் இதனை மாற்ற முனைந்தார். எல்லாப் பெயர்களையும் அகர வரிசையில் ஒரே பட்டியலாக்குவதே அவருடைய திட்டம். ஆனால் மாநிலத்தின் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நின்றது. போர்ச் சின்னங்களில் மாற்றம் செய்ய மாநிலச் சட்டமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதல் வேண்டும் என்றது அச்சட்டம். அந்த மூன்றில் இரண்டு பங்கு விதி செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது.

மாற்றக் கூடாது என்றவர்களுள் சிலர் சொன்ன காரணம் சிந்திக்கத்தக்கது. இரண்டு பட்டியல்களும் அக்கால மனநிலைக்குச் சான்று. அழித்துவிட்டால் பிரிவினை நடந்ததே மறந்துபோகும் என்றனர். இதனை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. பழைய ஆவணத்தைக் காப்பது வரலாற்று மாணவரின் கடமை. ஆயினும், ஆவணத்தைக் காக்கும் இடம் அருங்காட்சியகம். மரியாதை செலுத்தும் இடம் நினைவுச்சின்னம். இறந்தவருக்கு மரியாதை செய்யும் இடத்தில் அவரை மீண்டும் ஒதுக்கி நிறுத்த வேண்டியதில்லை என்பதே என் முடிவு.

ஆற்றங்கரைப் பலகை

இறுதியாக மிசிசிப்பி மாநிலத்தின் டல்லஹாச்சி கவுண்டிக்குச் செல்வோம். எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் 1955-இல் சிகாகோவிலிருந்து விடுமுறைக்கு உறவினர் வீட்டுக்கு வந்தான். கடைக்காரரின் மனைவியான வெள்ளையரிடம் முறைதவறி நடந்துகொண்டான் என்று கூறி, ஆகஸ்டு 28-இல் இருவர் அவனைக் கடத்திக் கொன்று ஆற்றில் வீசினர். வழக்கு சம்னர் என்ற சிற்றூரின் நீதிமன்றத்தில் நடந்தது. அக்கவுண்டியில் கறுப்பினத்தவரே பெரும்பான்மை. ஆனால் 12 ஜூரிகளும் வெள்ளையர். 67 நிமிடத்தில் இருவரையும் விடுதலை செய்தனர். சில மாதங்களுக்குப் பின் அவர்களே கொலையை ஒரு சஞ்சிகையில் ஒப்புக்கொண்டனர்.

அந்த நீதிமன்றத்தின் முன்னால் 1913-இல் நட்ட கூட்டமைப்பு வீரர் சிலை நின்றது. சாட்சி சொல்ல வந்த கறுப்பினத்தவர் அதனைக் கடந்துதான் உள்ளே சென்றனர். கொலை நடந்து அரை நூற்றாண்டு வரை எம்மெட்டுக்கு அங்கு ஒரு பலகைகூட இல்லை. 2007-இல்தான் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்த உள்ளூர்க் குழுவினர் நீதிமன்ற வாசலில் நின்று எம்மெட்டின் குடும்பத்தாரிடம் வருத்தம் தெரிவித்தனர்.

2008-இல் அக்குழு, உடல் மீட்கப்பட்டதாகக் கருதப்படும் ஆற்றங்கரையில் பலகை ஒன்றை நட்டது. அது திருடப்பட்டது. இரண்டாம் பலகை துப்பாக்கிக் குண்டுகளால் சல்லடையானது. 2018 ஜூனில் மூன்றாம் பலகை நின்றது. 35 நாளில் அதன்மீதும் குண்டு பாய்ந்தது. 2019 அக்டோபரில் குண்டு துளைக்காத எஃகில், 500 பவுண்டுக்கு மேல், அஃதாவது 225 கிலோவுக்கும் கூடுதலான எடையில் நான்காம் பலகையை நட்டனர். 2023 ஜூலையில் அவ்விடமும் சம்னர் நீதிமன்றமும் சிகாகோவில் இறுதிச் சடங்கு நடந்த தேவாலயமும் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டன.

"திருடப்பட்டது", "சல்லடையானது" என்று நானும் மேலே எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா? யாரால் என்று எழுத முடியாததால் அப்படி எழுதினேன். செயப்பாட்டுவினை எல்லாமே பொய் அன்று. தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் அது பயன்படும். தெரிந்ததை மறைக்கப் பயன்படுத்தும்பொழுதுதான் அது குற்றமாகிறது. ஆற்றங்கரையில் ஒரு பலகையைச் சுடுவதற்கு யாரோ இரவில் துப்பாக்கியோடு வருகிறார் என்றால், அப்பலகையின் சொற்கள் இன்னும் யாரையோ சுடுகின்றன என்றுதானே பொருள்?

முடிவுரை

என் இடுபணி முடிந்த பிறகு, வீட்டில் பழைய கோப்பு ஒன்றைத் தேடி எடுத்தேன். மூன்றாம் படிவத்தில் சரித்திரப் பாடத்துக்காக நாங்கள் வாழ்ந்த தோட்டத்தைப் பற்றி மலாய் மொழியில் நான் எழுதிய கட்டுரை அதில் இருந்தது. நல்ல மதிப்பெண் வாங்கிய கட்டுரை. அதன் கடைசிப் பத்தியில், தோட்டம் மூடப்பட்டது, குடும்பங்கள் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டன, கோயில் இடிக்கப்பட்டது என்று எழுதியிருந்தேன். மலாய் மொழியில் வினைக்கு முன்னால் 'டி' சேர்த்துவிட்டால் செயப்பாட்டுவினை ஆகிவிடும். நான் எல்லா வினைக்கும் 'டி' சேர்த்திருந்தேன். அந்தக் குடும்பங்களுள் ஒன்று எங்கள் குடும்பம். அந்தக் கோயிலில்தான் எனக்குக் காது குத்தினார்கள். ஆனாலும் 'யாரால்?' என்று நான் எழுதவில்லை; யாரும் கேட்கவும் இல்லை.

பாட்டியிடம் கேட்டேன். "நிர்வாகம் நிலத்த வித்துட்டாங்க. கங்காணியார் வந்து வீட்டக் காலி பண்ணச் சொன்னாரு. நாங்க போனோம். வேற என்ன செய்ய?" என்றார். பாட்டி பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் அவர் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்திலும் செய்தவர் இருந்தார்.

அன்பு வாசகர்களே, அடுத்த முறை எந்த நினைவுக்கல்லின் முன்னால் நின்றாலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எப்பொழுது நட்டார்கள்? அதில் வருவது 'நாமா', 'நாங்களா'? நடந்தது யாரால், யாருக்கு? எல்லாருடைய பெயரும் ஒரே பட்டியலில் இருக்கிறதா? இவற்றுக்கு வரலாற்றுப் பட்டம் தேவையில்லை. தமிழ்ப்பள்ளியில் படித்த இலக்கணம் போதும். என் பழைய கட்டுரையை நான் இப்பொழுது மீண்டும் எழுதிக்கொண்டிருக்கிறேன், இம்முறை தமிழில், செய்வினையில்.